‘எல்லாம் ஆன்லைன்ல இருக்கு’ன்னு சொல்றவங்களுக்கு

‘எல்லாம் ஆன்லைன்ல இருக்குங்க, தேடிப் பாருங்க.’ இந்த வருஷத்துல இந்தப் பதிலை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒன்றிய அலுவலகத்துல சொன்னாங்க. ஊராட்சி ஆபீஸ்ல சொன்னாங்க. பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பார்க்குற எங்க பங்காளி மகனும் அதையேதான் சொன்னான்: “பெரியப்பா, இப்பல்லாம் எல்லாமே வெப்சைட்ல போட்டுடறாங்க, நீங்க சும்மா அலையாதீங்க.” சரின்னு அவனையே தேடச் சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில உட்கார்ந்தவன் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தான். கேட்டதுல பாதிதான் கெடச்சுது.

நான் கேட்டது ஒண்ணும் ராணுவ ரகசியம் இல்ல. எங்க ஊராட்சியில என் வீடு எந்த வார்டு, அந்த வார்டோட எல்லை எந்தத் தெருவுல ஆரம்பிச்சு எங்க முடியுது? இப்ப இருக்குறவங்க பதவிக்காலம் என்னிக்கு முடியுது? அடுத்த தேர்தல்ல தலைவர் பதவி பொதுவுக்கா, பெண்களுக்கா, பட்டியல் இனத்துக்கா? 2021-ல போட்ட ஒதுக்கீடே தொடருமா, மாறுமா? இவ்வளவுதான். ஓட்டுப் போடற ஒருத்தனுக்கு, நாளைக்கு நிக்கணும்னு நினைக்கிற ஒருத்தனுக்கு, இது தெரியாம வேற என்னதான் தெரியணும்?

இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. நியாயமாப் பேசுவோம். மாநிலத் தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல 2021 முடிவு கெடக்கு. மத்திய நிதி ஆணையப் பணம் எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு பார்க்க ‘இ-கிராம்ஸ்வராஜ்’னு ஒரு தளம் 2020-ல இருந்து இருக்கு. பங்காளி மகன் அதைத் தொறந்து காட்டினப்போ எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, எங்க ஊர் பேரு அதுல இருக்கறதைப் பார்த்து. ஆனா முழுக்க இங்கிலீஷு. எந்தத் தெரு, எந்த போரு, எந்த மோட்டார்னு எனக்குப் புரியிற மாதிரி ஒரு வரி இல்ல. 2011 தேர்தல் விவரம் வேணும்னா நம்ம மாவட்டத்துல தேடிப் பிரயோஜனம் இல்ல, விழுப்புரத்துல தேடணும். ஏன்னா அப்ப கள்ளக்குறிச்சி மாவட்டமே இல்ல, 2019-லதான் பிறந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சவன் தேடுவான். தெரியாதவன் எங்க போவான்? ஊராட்சி பேரு ஒண்ணு, வருவாய் கிராமம் பேரு ஒண்ணு, நாம வாயால சொல்ற ஊர் பேரு இன்னொண்ணு. கணினியில எதை அடிக்கிறதுன்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

நடந்து முடிஞ்சது அந்தத் தளங்கள்ல இருக்கு. அடுத்து வரப்போறது எதுவும் இல்ல. கோளாறு அங்கதான்.

2021-ஐ ஞாபகப்படுத்தறேன். நம்ம மாவட்டத்துக்கு உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது செப்டம்பர் 13. மனு வாங்க ஆரம்பிச்சது 15. கடைசி நாள் 22. ஆக, அறிவிப்பு வந்த அன்னிக்கு ராத்திரியில இருந்து எண்ணினாலும் ஒன்பது நாள். 25-ஆம் தேதி வாபஸ், அக்டோபர் 6-லயும் 9-லயும் ஓட்டு, 12-ல எண்ணிக்கை. பத்து வருஷமா தேர்தலே பார்க்காத மாவட்டத்துக்கு ஒன்பது நாள் கொடுத்தாங்க.

அந்த ஒன்பது நாளுக்குள்ள ஒரு கூலிக்காரப் பொம்பள நிக்கணும்னா என்னென்ன செய்யணும்னு யோசிச்சுப் பாருங்க. தன் வார்டு எதுன்னு கண்டுபிடிக்கணும். அது யாருக்கு ஒதுக்கின வார்டுன்னு தெரிஞ்சுக்கணும். வாக்காளர் பட்டியல்ல தன் பேரு எந்த வரிசை எண்ணுன்னு பார்க்கணும். வீட்டு வரி பாக்கி இல்லாம கட்டணும். முன்மொழிய ஆள் பிடிக்கணும். ஜாதிச் சான்றிதழ் பழசா இருந்தா தாலுக்கா ஆபீஸ் ஓடணும். டெபாசிட் ஒண்ணும் பெரிய தொகை இல்ல. வார்டு உறுப்பினருக்கு 200 ரூபா, தலைவருக்கு 600, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதுல பாதி. ஆனா அந்த 200 ரூபாதான்னு அவளுக்கு யாரு சொன்னா? “ஐயாயிரம், பத்தாயிரம் கட்டணும்மா, உனக்கெதுக்கு இந்த வேலை”ன்னு சொல்லியே எத்தனை பேரை உட்கார வெச்சிருக்காங்க தெரியுமா? எங்க ஊர்லயே சொன்னாங்க. என் காதால கேட்டேன்.

இந்தப் பக்கம் இப்படி. ஆனா கட்சிக்காரங்க, காண்ட்ராக்டு எடுக்கறவங்க, ஒன்றிய அலுவலகத்துல டீ குடிக்கிற உரிமை உள்ளவங்க, இவங்களுக்கு அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே எது பெண் வார்டு, எது பொதுன்னு தெரிஞ்சிருக்கும். அவங்க ஆறு மாசம் முன்னாடியே துண்டு போட்டுடறாங்க. பெண்களுக்கு ஒதுக்கினா வீட்டம்மா பேருல மனு ரெடி. மத்தவன் பஸ் பிடிக்கறதுக்குள்ள இவன் ஊர் போய்ச் சேர்ந்துட்டான். இதுக்குப் பேரு போட்டியா?

ஏலம் எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? 2021-ல பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துல ஒரு ஊராட்சித் தலைவர் பதவி 13 லட்சத்துக்கு ஏலம் போனதா பேப்பர்லயே வந்துச்சு. எல்லாரும் ஜனங்களைத் திட்டினாங்க, ‘ஜனநாயகத்தை வித்துட்டாங்க’ன்னு. கோயிலுக்குப் பணம் வருதுன்னு தலையாட்டினவங்களை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா ஏலம் நடக்கணும்னா முதல்ல என்ன வேணும்? யாரு நிக்கலாம், எப்ப நிக்கலாம்ங்கிற விவரம் நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்சு, நானூறு பேருக்குத் தெரியாம இருக்கணும். மாட்டுச் சந்தையில தரகன் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவான் பாருங்க, அந்தத் துண்டுதான் இது. துண்டை எடுத்துட்டா அவனுக்குப் பிழைப்பு இல்ல.

இது 2021-ல மட்டும் நடந்ததும் இல்ல. 2016-ல என்ன ஆச்சு? செப்டம்பர் 25-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு. மறுநாளே மனுத்தாக்கல். அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து பண்ணுச்சு. காரணம், பழங்குடியினர் இட ஒதுக்கீடு ஒழுங்கா செய்யலைங்கிற வழக்கு. அந்த ஒதுக்கீட்டை ஆறு மாசம் முன்னாடி ஊரு ஊரா ஒட்டியிருந்தா, தப்பை அப்பவே யாராவது காட்டியிருப்பான், திருத்திட்டுத் தேர்தலை நடத்தியிருக்கலாம். அவசரத்துல மூடி மூடி செஞ்சதுக்கு மூணு வருஷம் தமிழ்நாடு முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த ஆளுங்க இல்லைன்னு மத்திய நிதி ஆணைய மானியத்தையும் நிறுத்தி வெச்சாங்க. 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துக்குத் தேர்தல் நடந்தப்போ, மாவட்டம் பிரிச்ச ஒன்பது இடத்துல முதல்ல வார்டு வரையறையை முடிங்கன்னு உச்ச நீதிமன்றம் சொன்னதால நாம விட்டுப் போனோம். 2011-ல ஓட்டுப் போட்ட நாம அடுத்து போட்டது 2021-ல. அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை, காலம் முடியறதுக்குள்ள நடத்தியே ஆகணும்னு அரசியலமைப்புச் சட்டத்துல 243-இ பிரிவு சொல்லுது. நமக்கு அஞ்சு பத்தாச்சு. அந்தப் பத்து வருஷத்துல எங்க ஊர்ல யாராவது ரோட்டுல உட்கார்ந்தோமா? இல்ல. ஏன்னா தேர்தல் எப்ப வரணும்ங்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது. தேதி தெரிஞ்சாத்தானே தள்ளிப்போச்சுன்னு தெரியும்?

இப்பவும் அதே கதைதான் ஓடிக்கிட்டிருக்கு. அந்த 27 மாவட்டத்துலயும் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. நம்மைச் சுத்தி இருக்குற சேலம், கடலூர், திருவண்ணாமலை, தருமபுரி எல்லாம் அதுல அடக்கம். அந்த வருஷம் முடியப் போற நேரத்துலயும் அங்க தனி அலுவலர்தான். ஆத்தூர் பக்கம் சம்பந்தம் பண்ணின வீட்டுக்குப் போனப்போ, “உங்க ஊர் தலைவர் யாரு மாமா?”ன்னு கேட்டேன். பழைய தலைவர் பேரைத்தான் சொன்னாரு. பதவி போய் பதினொரு மாசம் ஆச்சுன்னு அவருக்குத் தெரியல. ஊருக்கு விவரம் சொல்ல ஒருத்தரும் வரல.

கல்வராயன் மலையை எடுத்துக்கோங்க. மலை ஒண்ணுதான், ஜனங்க ஒண்ணுதான், பொண்ணு கொடுக்கறதும் எடுக்கறதும் அவங்களுக்குள்ளயேதான். ஆனா வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடுன்னு இந்தப் பக்கம் இருக்குற 15 ஊராட்சி கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். இந்தச் சரிவுல இருக்கறவனுக்கு 2025-லயும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாரு. அந்தச் சரிவுல இருக்கறவனுக்கு அதிகாரி. ஏன் இப்படின்னு மலையில ஒருத்தருக்காவது யாராவது விளக்கிச் சொன்னாங்களா? மரவள்ளி விஷயமா எனக்குப் பழக்கமான ஒருத்தர் சேராப்பட்டுக்கு மேல இருக்காரு. 2021-ல வார்டுக்கு நிக்கணும்னு ஆசை. அவரு அப்ப கேரளாவுல தோட்ட வேலையில இருந்தாரு. “அண்ணே, வீட்ல இருந்து போன் பண்ணி சொன்னப்ப மனு முடிய ரெண்டு நாள்தான் இருந்துச்சு. மேஸ்திரிகிட்ட கணக்கு தீர்த்து, பஸ் ஏறி, இங்க வந்து மலை ஏறறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. வந்ததுக்கு ஓட்டாவது போட்டுட்டுப் போனேன்”னாரு. அவரு இருந்த மேட்டுல சிக்னல் வேணும்னா இன்னும் ஒரு பர்லாங்கு ஏறிப் போய் ஒரு பாறை மேல நிக்கணும். இவருக்கு ஆன்லைன்ல இருக்குன்னு சொல்றது, கிணறு இல்லாதவனுக்கு மோட்டார் மானியம் கொடுக்கற மாதிரி.

அந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சுத்தான் அவங்களுக்கு அது முடிஞ்சுது. 2024 ஜூன்ல கள்ளச்சாராயத்துல நம்ம டவுன்ல அத்தனை உயிர் போன பிறகுதான், மலை ஜனங்களோட வாழ்க்கை நிலையை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கா எடுத்து, ரோடு இருக்கா, ஆஸ்பத்திரி இருக்கான்னு அரசைக் கேட்டுச்சு. ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும், எல்லாம் சரி. ஆனா அதைக் கேட்டு வாங்க வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கற விவரம்கூட மலை ஏறி வரலைன்னா, ஒவ்வொரு ரோட்டுக்கும் கோர்ட்டுக்கா போக முடியும்?

ஏழெட்டு மணி நேர பஸ் தூரத்துல கேரளா. 2025 டிசம்பர் 9-லயும் 11-லயும் அங்க உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிஞ்சிருக்கு. 1995-ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை, தவறாம. வார்டு வரையறை வரைவை ஒரு வருஷம் முன்னாடியே வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாங்க. எந்த வார்டு பெண்ணுக்கு, எது பட்டியல் இனத்துக்குங்கிறதை எல்லாரும் பார்க்கக் குலுக்கல் போட்டு அக்டோபர்லயே சொல்லிட்டாங்க. அங்க எல்லாம் யோக்கியம்னு சொல்லல. ஆனா அங்க கூலி வேலை செய்யப் போன நம்ம மலைக்காரனுக்கு அந்த ஊர் வார்டு வேட்பாளர் மூஞ்சி சுவத்துல தெரியுது. தன் ஊர் வார்டு நம்பர் தெரியல.

நம்ம ஆளுங்க மேடை ஏறினா உடனே உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லுவாங்க. பராந்தக சோழன் காலம், குடவோலை, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல்னு. அது பிராமணர் ஊர்ச்சபை, நிலம் உள்ளவனுக்கு மட்டும், பெண்ணுக்கு இடமே கெடையாது. அதைத் தலையில வெச்சு ஆட எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணைக் கவனிங்க. யாரு நிக்கலாம், யாரு நிக்கக்கூடாது, கணக்கு காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் வரக்கூடாது, இதெல்லாத்தையும் சபை கூடுற மண்டபத்துச் சுவர்லயே வெட்டி வெச்சாங்க. சுவத்துல! நீங்க அந்த விதியை இன்னிக்கு பி.டி.எஃப். ஆக்கி இங்கிலீஷ்ல போட்டு, ‘தேடிப் பாருங்க’ங்கிறீங்க.

இதுக்கு அதிகாரிங்க தரப்புல சொல்ற பதில் எனக்குத் தெரியும். “ஊராட்சி செயலர்கிட்ட கேட்டா சொல்லப் போறாரு.” சொல்லுவாரு. எங்க செயலர் நல்ல மனுஷன், கேட்டா தெரிஞ்சதைச் சொல்லுவாரு. ஆனா கேட்டா மட்டும் கெடைக்கிறது தகவல் இல்ல, தயவு. யாரு கேட்கறா, எந்தத் தெருக்காரன் கேட்கறான், எதுக்குக் கேட்கறான்னு எடை போட்டுத்தான் பதில் வரும். காலனியில இருந்து ஒரு பையன் போய் ‘தலைவர் பதவி இந்தவாட்டி யாருக்கு சார்?’னு கேட்டா, சாயங்காலத்துக்குள்ள ஊர் முழுக்கப் பேச்சாயிடும். அந்த பயத்துலயே அவன் கேட்க மாட்டான். சுவத்துல ஒட்டியிருந்தா அவன் யாரையும் கேட்க வேண்டியதில்ல. நின்னு படிச்சுட்டுப் போயிடுவான்.

இன்னொரு பதில், “தகவல் உரிமைச் சட்டம் இருக்கே.” அதையும் பார்த்தாச்சு. பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டி, வார்டு எல்லை விவரமும் வார்டு வாரியா வாக்காளர் எண்ணிக்கையும் கேட்டு ஒரு மனு போட்டேன். முப்பது நாள்ல பதில் தரணும்னு சட்டம். இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்துச்சு, அதுல குறை சொல்ல முடியாது. ஒரே வரி: தாங்கள் கோரிய விவரங்கள் இணையதளத்தில் உள்ளன. எந்த இணையதளம்னுகூட எழுதல. மேல்முறையீடு போட்டிருக்கேன். கேட்காமலேயே பொது அதிகார அமைப்புகள் தானா வெளியிடணும்னு அதே சட்டத்துல 4-ஆம் பிரிவு இருக்கறதை அதுல எழுதியிருக்கேன்.

காசு இல்லை, ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. ரேஷன் கடையில ஒரு கிலோ சர்க்கரை வாங்கினா போனுக்கு மெசேஜ் வருது. கரண்டு பில்லுக்கு வருது, கிசான் தவணைக்கு வருது. கரும்பு பதிஞ்சா எந்த மாசம் வெட்டுன்னு ஆலைக்காரன் சொல்லிடறான். 2025 அக்டோபர் 2-ல நடக்க வேண்டிய கிராம சபை 11-ஆம் தேதிக்கு மாறுச்சே, அதுக்கு எனக்கு ஒரு மெசேஜ் வரல. 2025 நவம்பர்ல எஸ்.ஐ.ஆர். படிவத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தாங்க. எங்க தெருவுல ஒரு ஆயா அதை வாங்கிக்கிட்டு, “இது தலைவர் எலெக்‌ஷனுக்காப்பா?”ன்னு கேட்டுச்சு. கொண்டுவந்த அம்மாவுக்கே சரியா பதில் சொல்லத் தெரியல. அது டெல்லியில இருக்கற இந்தியத் தேர்தல் ஆணையத்தோட வேலை. ஊராட்சித் தேர்தலை நடத்தறது சென்னை கோயம்பேட்டுல இருக்கற மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனா சட்டமன்றப் பட்டியலை வெச்சுத்தான் வார்டு பட்டியலைப் பிரிப்பாங்க, அதனால இதுல பேரு விட்டுப் போனா அதுலயும் போச்சு. இதை ஒரு நோட்டீஸ்ல நாலு வரி அடிச்சுக் கொடுக்க எவ்வளவு ஆகும்?

நம்ம மாவட்டத்துல 9 ஒன்றியம், 412 ஊராட்சி. இப்ப இருக்கறவங்க பதவி ஏத்தது 2021 அக்டோபர் 20. ஆக, 2026 அக்டோபர்ல முடியுது.  ஒன்பது நாள்தான்னு யாரும் சொல்ல முடியாத அளவுக்கு நேரம் இருக்கு. நடுவுல சட்டமன்றத் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதையே காரணமாச் சொல்லித் தள்ளிப் போடுவாங்கன்னு எனக்குச் சந்தேகம். அதனாலதான் இப்பவே பேசறேன்.

ஜனவரி 26 கிராம சபைக்கு நான் ஒரு தீர்மானம் எழுதி வெச்சிருக்கேன். வார்டு எல்லையும் வார்டு வாக்காளர் பட்டியலும் ஏப்ரல் மாசத்துக்குள்ள ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் மூணு இடத்துலயும் தமிழ்ல ஒட்டணும். இட ஒதுக்கீடு அறிவிப்பு மனுத்தாக்கலுக்கு மூணு மாசம் முன்னாடி வரணும்னு ஆணையத்தைக் கேட்டுக்கணும். டெபாசிட் தொகை, வயசு 21, என்னென்ன சான்று வேணும், எல்லாம் ஒரே தாள்ல இருக்கணும். வரவு செலவு காட்டுற படிவம் 30-ஐ வாசிச்சுட்டு மடிச்சு வெச்சுக்காம அதையும் பக்கத்துலயே ஒட்டணும். எங்க ஊராட்சியில மூவாயிரத்துக்குக் கீழ ஜனத்தொகை, அதனால கோரம் 100 பேர். போன தடவை கையெழுத்து நோட்டுல நூறு இருந்துச்சு, பந்தல்ல நாப்பது தலைதான் இருந்துச்சு.

பக்கத்து ஊராட்சிக்காரங்க யாருக்காவது அந்தத் தீர்மான நகல் வேணும்னா, காலையில பால் ஊத்தற நேரத்துல சொசைட்டிகிட்ட என்னைப் பாருங்க. முப்பது காப்பி ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். மலைக்கு மேல கொடுக்க ஒரு கட்டு தனியா இருக்கு, மரவள்ளி ஏத்தப் போற வண்டியில இந்த வாரமே போகுது.